எட்டு வண்டியும் மூணு காலி இடமும்



போன வாரம் பேரன் போட்ட போட்டோவைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கேள்வி கேட்டிருந்தீர்கள். சுவரோரம் ஒரு பலகை, அதன்மேல் நாலைந்து தண்டவாளத் துண்டு, பக்கத்தில் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு நான். "சார், பொம்மை ரயில் விட ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கே இப்போது தலை நரைத்திருக்கிறது. ஆமாம் தம்பி, ஆரம்பித்துவிட்டேன். "மாமா, ரயில் வட்டமா ஓடாதா?" என்று தங்கச்சி மகள் கேட்டிருந்தாள். ஓடாதும்மா. நாலடிக்குள் முன்னாலும் பின்னாலும் போய் வரும், அவ்வளவுதான். ஏன் அப்படி என்பதற்குத்தான் இந்த நீளமான பதிவு. கடைசியில் வீட்டுப்பாடமும் உண்டு. பாதியில் எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடலாம்.

விதை விழுந்தது புனேயில். மகன் அங்கே வேலை பார்த்த காலத்தில் கோத்ரூட் பகுதியிலுள்ள ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஒரு கூடத்துக்குள் ஊர், ஸ்டேஷன், பாலம், மலை எல்லாம் சின்னதாக, அதற்குள் ரயில்கள். அப்போது ஐந்து வயதிலிருந்த பேரனைத் தூக்கிக்கொண்டு நின்றேன். கை வலித்ததே தவிர எனக்கும் கிளம்ப மனசு வரவில்லை.

அதை எப்போதோ இங்கே எழுதியிருந்தேன் போலிருக்கிறது. போன கோடையில் இங்கிலாந்திலிருந்து ஊருக்கு வந்த பழைய மாணவர் ஒருவர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். (பெயர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.) உள்ளே ஒரு சின்ன டீசல் எஞ்சின், நாலு சக்கர கூட்ஸ் வண்டிகள் எட்டு, நேர்த் தண்டவாளம் கொஞ்சம், கரண்ட் கொடுக்கிற ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. "பாயிண்ட் மட்டும் வாங்கலை சார். எப்படிப் போடப்போறீங்கன்னு முடிவு பண்ணிட்டு எத்தனை வேணும்னு சொல்லுங்க, அனுப்புறேன்" என்றார்.

தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஒரு தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடம்தான் பாயிண்ட். பாதையின் படத்தை முடிவு செய்தால்தான் எத்தனை பாயிண்ட் என்று தெரியும். அந்தப் படத்தை முடிவு செய்ய எனக்கு இரண்டு மாதம் ஆனது.

முதல் நிபந்தனையை வீட்டம்மா போட்டுவிட்டார்கள். முன்னறையில் ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடுவில் இருக்கிற சுவர்தான் எனக்கு. "நாலடி நீளம், ஒரு அடி அகலம். அதுக்கு மேல ஒரு இஞ்ச் கேக்கக் கூடாது. நடக்க வழி வேணும்ல?" ராஜபாளையத்தில் தச்சரிடம் சொல்லி அந்த அளவுக்கே ஒரு பிளைவுட் பலகை அறுத்து வாங்கினேன். ஒரு அடி அகலத்தில் வட்டம் போட முடியாது. இந்த அளவு ரயிலுக்குச் சின்ன வட்டம் என்றாலும் இரண்டரை அடிக்கு மேல் குறுக்களவு வேண்டும். ஆக, ஓடுகிற ரயில் நமக்கில்லை. மிச்சம் இருப்பது ஷண்டிங்.

ஷண்டிங் என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். இப்போது கூட்ஸ் வண்டி வந்தால் முழு ரேக்காக வருகிறது, முழுதாகவே போகிறது. எங்கள் காலத்தில் அப்படி இல்லை. விருதுநகரிலிருந்து திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசிக்குப் போகும் நம் பாதை 1927இல் மீட்டர் கேஜாகத் திறக்கப்பட்டது. அகலப் பாதையானது 2000க்குப் பிறகுதான். அந்த மீட்டர் கேஜ் நாட்களில் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நின்று, இங்கே இரண்டு வண்டியைக் கழற்றிவிட்டு, அங்கே மூன்று வண்டியை மாட்டிக்கொண்டு போகிற கூட்ஸ் ஒன்று உண்டு. பஞ்சுப் பொதி ஒரு வண்டியில், உரம் ஒரு வண்டியில், உப்பு ஒரு வண்டியில். எது எந்த ஊரில் இறங்க வேண்டுமோ அந்த வரிசையில் அவற்றை அடுக்குவதற்கு எஞ்சின் முன்னும் பின்னும் போய் வருவதுதான் ஷண்டிங்.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் இருக்கிறது. என் அப்பா பாயிண்ட்ஸ்மேன். இந்த மார்க்கத்தில் ஒரு ஸ்டேஷனில்தான் வேலை. எந்த ஸ்டேஷன் என்பது இங்கே முக்கியமில்லை. உறவினர்களுக்குத் தெரியும், மாணவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. வகுப்பில் நான் சொன்னதில்லை. ஏன் சொன்னதில்லை என்று இப்போது யோசிக்கிறேன்.

சரி, படத்துக்கு வருவோம். என் முன்னால் மூன்று படங்கள் இருந்தன.

முதலாவது பேரன் கண்டுபிடித்தது. நாலாம் வகுப்பு படிக்கிறான், யூடியூபில் எதையும் தேடி எடுத்துவிடுவான். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மான்டரே நகரத்தில் ஜான் ஆலன் என்றொருவர் இருந்தார். மாதிரி ரயில் அமைப்பவர்கள் நடுவே மிகப் பெரிய பெயர். அவர் 'டைம்சேவர்' என்று ஒரு விளையாட்டை அமைத்தார். அது 1972இல் 'மாடல் ரெயில்ரோடர்' பத்திரிகையில் வந்தது. ஐந்து பாயிண்ட், நடுவில் எஞ்சின் சுற்றி வர ஒரு லூப், இரண்டு பக்கமும் சின்னச் சின்ன சைடிங்குகள். யார் குறைந்த நேரத்தில் வண்டிகளைச் சரியான இடத்தில் நிறுத்துகிறார்கள் என்று போட்டி. 1973 ஜனவரியில் அவர் இறந்துபோனார். அடுத்த சில நாட்களிலேயே தீ விபத்தில், அவர் ஆயுசு முழுக்கக் கட்டிய பெரிய ரயில் அமைப்பில் பெரும்பகுதி எரிந்துவிட்டது. இந்தச் சின்ன விளையாட்டு மட்டும் உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

பேரனுக்கு இதுதான் வேண்டும். "தாத்தா, இதுல ஜெயிக்கலாம்" என்றான்.

பாயிண்டின் அளவுக்குத் தாள் வெட்டி, ஐந்தையும் பலகையில் வைத்துப் பார்த்தோம். ஒரு பாயிண்ட் பதினெட்டரை சென்டிமீட்டர். நாலடிக்குள் பாயிண்டுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. வண்டி நிறுத்தத்தான் இடம் இல்லை. அதோடு எனக்கு இன்னொரு தயக்கமும் இருந்தது. அது புதிருக்காகவே பின்னிய பாதை. எந்த ஸ்டேஷனிலும் இவ்வளவு சிக்கலை வேண்டுமென்றே போட்டு வைக்க மாட்டார்கள்.

இரண்டாவது படம் என் மனசில் இருந்தது. அப்பா வேலை பார்த்த ஸ்டேஷன். மெயின் லைன், அதற்குப் பக்கத்தில் லூப், கூட்ஸ் ஷெட்டுக்கு ஒரு சைடிங், எதிர்ப்பக்கம் இன்னொரு சைடிங். நோட்டில் வரைந்துகூடப் பார்த்தேன், கை தானாகவே வரைந்தது. அந்த இரண்டாவது சைடிங்கில் ஒரு வில்லங்கம் உண்டு. விருதுநகர்ப் பக்கமிருந்து வருகிற வண்டிக்கு அதன் வாய் முன்பக்கமாகத் திறந்திருக்கும். எஞ்சின் முன்னால் இருப்பதால் நேராக உள்ளே போனால் எஞ்சின்தான் முதலில் போய் மாட்டிக்கொள்ளும். அதனால் எஞ்சினைக் கழற்றி, லூப் வழியாகச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து, வண்டியைத் தள்ளிவிட வேண்டும். சின்ன வயதில் இதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். எஞ்சின் ஏன் இப்படிச் சுற்றுகிறது என்று அப்பாவிடம் கேட்டதில்லை.

இந்தப் படத்தை அளந்தால் எட்டடி வந்தது. வீட்டம்மாவிடம் கேட்கவே இல்லை. பதில் தெரியும்.

மூன்றாவது, பெட்டி கொடுத்த மாணவர் சொன்னது. இங்கிலாந்தின் ஆலன் ரைட் என்பவர் அமைத்த 'இங்கிள்நூக் சைடிங்ஸ்'. நார்த்தம்பர்லாந்துப் பக்கம் கில்ஹாம் என்ற இடத்திலிருந்த உண்மையான சைடிங்கைப் பார்த்துப் பிறந்தது. மொத்தம் இரண்டே பாயிண்ட். மூன்று தண்டவாளம். ஒன்றில் ஐந்து வண்டி நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று வண்டி நிற்கும். இந்தப் பக்கம் எஞ்சினும் மூன்று வண்டியும் மட்டும் நிற்கிற அளவுக்கு ஒரு தண்டவாளம். வண்டிகள் மொத்தம் எட்டு. சீட்டுக் குலுக்கிப் போட்டு ஐந்து வண்டியை எடுக்க வேண்டும். சீட்டு வந்த அதே வரிசையில் அந்த ஐந்தையும் நீளத் தண்டவாளத்தில் அடுக்க வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான்.

"இவ்ளோதானா?" என்றான் பேரன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முள்கரண்டி மாதிரி மூன்று பல். இதில் என்ன இருக்கிறது?

ஆனால் கணக்கு வாத்தியாருக்கு எண்ணைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. எட்டு வண்டியில் ஐந்தை வரிசையாக எடுக்க எத்தனை வழி? பதினோராம் வகுப்புப் பாடம். 8 × 7 × 6 × 5 × 4 = 6720. தினம் ஒரு ஆட்டம் என்று ஆடினால், ஒரே வரிசை திரும்ப வராமல் பதினெட்டு வருஷம் ஆடலாம். எனக்கு அது தாராளம்.

அடுத்து அளவு. என் எஞ்சின் 12 செ.மீ. கப்ளிங்கோடு சேர்த்து ஒரு வண்டி 9 செ.மீ. எஞ்சினும் மூன்று வண்டியும் நிற்க 39. இரண்டு பாயிண்டுக்கு 37. பக்கத்து வண்டியை உரசாமல் நிற்க 8. அதற்கப்புறம் மூன்று வண்டிக்கு 27. மொத்தம் 111. ஐந்து வண்டித் தண்டவாளத்தை முதல் பாயிண்டிலிருந்தே பிரித்துவிட்டால் அதுவும் கிட்டத்தட்ட அதே இடத்தில் முடிந்துவிடும். நாலடி என்பது 122 செ.மீ. அடங்கியது!

மிச்சம் 11 செ.மீ. பேரன் சும்மா விடுவானா? "தாத்தா, இன்னொரு வண்டி நிக்க இடம் இருக்குல்ல? மூணை நாலாக்கிடுவோம்." நியாயமான கேள்வி. அவனைத் தீப்பெட்டி எடுத்து வரச் சொன்னேன். சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கூட்ஸ் வண்டிக்கு வேறு எதைத் தேடுவது? எட்டுத் தீப்பெட்டியில் எண் எழுதி, தாளில் கோடு போட்டு ஆடிப் பார்த்தோம். சின்னத் தண்டவாளங்களில் நாலு நாலு இடம் விட்டால் பெட்டிகளைப் பிரித்து வைக்கத் தாராளமாக இடம் கிடைத்தது, சீக்கிரம் முடிந்துவிட்டது. அப்போதுதான் இந்தப் படத்தின் சூட்சுமம் புரிந்தது. ஐந்தும் மூன்றும் மூன்றும் பதினொன்று. வண்டி எட்டு. காலி இடம் மூன்று. அந்த மூன்றுக்குள்தான் எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும். காலி இடம் கூடினால் யோசிக்க வேலை இல்லை. குறைந்துகொண்டே போனால் ஒரு கட்டத்தில் நகரவே வழி இல்லை. ஆக, படத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால் காலி இடம் எவ்வளவு விடுவது என்று தேர்ந்தெடுப்பதுதான். பாயிண்ட் எத்தனை என்பதெல்லாம் அப்புறம்.

மிச்சமிருந்த 11 செ.மீ.யில் தண்டவாளம் முடிகிற இடத்துக்கு முட்டுக்கட்டைகள் வைத்தோம். இங்கிலாந்துக்கு, "இரண்டு பாயிண்ட் போதும்" என்று செய்தி அனுப்பினேன். "அவ்வளவுதானா சார்?" என்று அவரும் கேட்டார்.

நீங்களும் ஆடிப் பார்க்க ஒரு சின்ன உதாரணம். முழு ஆட்டத்துக்கு முன்னால் பேரனுக்கு நான் சொல்லிக் கொடுத்த குட்டி ஆட்டம் இது. ஐந்து தீப்பெட்டி போதும்.

தாளில் மூன்று கோடு போடுங்கள். 'க' கோட்டில் மூன்று பெட்டி நிற்கலாம், 'ங' கோட்டில் இரண்டு, 'ச' கோட்டில் இரண்டு. மூன்று கோடும் ஒரு பக்கத்தில் சேர்ந்து எஞ்சின் நிற்கும் கோடாக ஆகின்றன. அந்தக் கோட்டில் எஞ்சினோடு இரண்டு பெட்டிதான் நிற்க முடியும். எஞ்சின் பக்கத்திலிருந்து எண்ணினால் 'க'வில் 1, 2, 3. 'ங'வில் 4, 5. 'ச' காலி. இப்போது 'க'வில் இருப்பதை 3, 2, 1 என்று திருப்ப வேண்டும். கையால் தூக்கி வைக்கக் கூடாது!

எஞ்சின் 'க'வுக்குள் போய் 1, 2 இரண்டையும் இழுத்து வந்து 'ச'வில் விடுகிறது. திரும்பப் போய் 3ஐ இழுக்கிறது. 3ஐ மாட்டிக்கொண்டே 'ச'வுக்குப் போய் 1ஐப் பிடித்து வந்து 'க'வின் கடைசியில் விடுகிறது. மறுபடி 'ச'வுக்குப் போய் 2ஐப் பிடித்து வந்து, 2ஐயும் 3ஐயும் சேர்த்தே 'க'வுக்குள் தள்ளுகிறது. முடிந்தது. எண்ணிப் பாருங்கள், எஞ்சின் உள்ளே போனதும் வெளியே வந்ததுமாக 13 நகர்வு. மூன்றே மூன்று பெட்டியைத் திருப்ப!

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

பாயிண்ட் வந்து, தண்டவாளம் ஒட்டி, கரண்ட் கொடுத்து, முதல் முழு ஆட்டம் ஆடியது ஒரு சனிக்கிழமை ராத்திரி. பேரன் சீட்டு எடுத்தான். நாலு வண்டி ஓரளவு சுலபமாக அமைந்தன. ஐந்தாவது வர வேண்டிய வண்டி, சின்னத் தண்டவாளத்தில் மற்ற இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அதை வெளியே எடுக்க முன்னால் நிற்பதை எடுக்க வேண்டும். அதை வைக்க இடம் வேண்டும். அந்த இடத்தில் வேறொன்று நிற்கிறது. அடுக்கி முடித்ததையே கலைத்தால்தான் வழி. கலைத்தோம். பேரன் கொட்டாவி விட்டுக்கொண்டே நோட்டில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தான். முடிந்தபோது, "தாத்தா, 31" என்றான். அப்படியே தூங்கிப் போனான்.

நான் தூங்கவில்லை. "நடுவுல மாட்டிக்கிச்சு" என்று நானே வாய்விட்டுச் சொன்னது காதிலேயே இருந்தது. அந்த வார்த்தையை எனக்கு முன்னால் சொன்னவர் ஒருவர் உண்டு.

1965. எட்டாம் வகுப்பு. பள்ளி ஆண்டு விழாவில் எனக்குக் கணக்கில் முதல் பரிசு. அப்பா வருகிறேன் என்று சொல்லியிருந்தார். ஐந்து மணிக்கு விழா, அவருக்கு நாலு மணிக்கு வேலை முடியும். அம்மா வந்தாள், தங்கச்சி வந்தாள். என் பெயரைக் கூப்பிட்டபோது வாசலைப் பார்த்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோதும் பார்த்தேன். அப்பா வரவில்லை.

வீட்டுக்கு வரும்போது ராத்திரி ஏழரை மணிக்கு மேல். கையெல்லாம் மசகு. வாசலில் நின்றுகொண்டே சொன்னார்: "ஒரு வண்டி நடுவுல மாட்டிக்கிச்சுப்பா. எடுத்து விட்டுட்டு வர நேரமாயிருச்சு."

எனக்கு அது ஒரு காரணமாகவே படவில்லை. எஞ்சின் இருக்கிறது, தண்டவாளம் இருக்கிறது, இழுத்துவிட்டால் வந்துவிடப் போகிறது. ஒரு வண்டியை எடுக்க மூன்று மணி நேரமா? "உங்களுக்கு வண்டிதான் பெருசு" என்று சொன்னேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பரிசுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டு போய் வைத்தேன். அவர் தொடவில்லை. அம்மாவைப் பக்கம் பக்கமாகப் புரட்டச் சொல்லிப் பார்த்தார். தொடக்கூட மனசில்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். நாலைந்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் பேசினேன், எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் நம்பவே இல்லை. 1988இல் அப்பா போகிறவரைக்கும்.

அந்த சனிக்கிழமை ராத்திரி நோட்டை எடுத்து ஒரு கணக்குப் போட்டேன். என் மேசையில் ஒரு நகர்வு என்பது விரலால் பாயிண்டைத் தள்ளி, குமிழைத் திருகுவது. பத்து வினாடி. அப்பாவுக்கு ஒரு நகர்வு என்றால் லீவர் வரைக்கும் நடந்து போய் இழுக்க வேண்டும். திரும்பி நடந்து வந்து வண்டிகளுக்கு நடுவில் புகுந்து கப்ளிங்கைக் கழற்ற வேண்டும். கழற்றிவிட்ட வண்டி உருண்டு போகாமல் பிரேக்கை இறக்க வேண்டும். வெளியே வந்து டிரைவர் கண்ணில் படுகிற மாதிரி கொடி காட்ட வேண்டும். இருட்டிவிட்டால் கை விளக்கு. எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மூன்று நிமிடம்.

31 × 3 = 93.

அதுவும் எல்லாம் முதல் தடவையிலேயே சரியாக நடந்தால். நடுவில் பாசஞ்சர் வண்டி வந்தால் அது போகிறவரைக்கும் ஷண்டிங்கை நிறுத்தி வைக்க வேண்டும். கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஒரு வண்டி நடுவில் மாட்டிக்கொண்டால் ஏழரை மணி ஆகும். அப்பா சொன்னது உண்மை. மசகுக் கையோடு புத்தகத்தை ஏன் தொடவில்லை என்பதற்குக் கணக்குக்கூடத் தேவையில்லை. அது எப்போதோ புரிந்திருக்க வேண்டியது.

முப்பத்து நாலு வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். தினமும் ராஜபாளையத்திலிருந்து பஸ். முதல் மணிக்கு முன்னால் வகுப்பில் இருப்பேன் என்பது என் பெருமை. தாமதமாக வந்தவர்களை வெளியே நிற்க வைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். மலையடிவாரத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் உண்டு, மில் வேலைக்குப் போன அம்மாவுக்குப் பதிலாகத் தம்பி தங்கையைக் கிளப்பிவிட்டு வந்தவர்கள் உண்டு. "ஏன் லேட்டு?" என்று கேட்பேன். சொல்வீர்கள். கேட்டுக்கொள்வேன். எத்தனை பேர் சொன்னதை நம்பினேன் என்று இப்போது எண்ணிப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒரு வண்டிதான் தெரியும். அதற்கு முன்னாலும் பின்னாலும் என்ன நிற்கிறது என்று அந்த யார்டில் நிற்கிறவனுக்குத்தான் தெரியும். அப்படி நின்றவர்களில் யாராவது இதைப் படித்தால், இந்த வாத்தியாரை மன்னித்துவிடுங்கள். அன்று சொன்ன காரணத்தை இன்னொரு முறை சொல்லுங்கள். இந்த முறை நம்புகிறேன்.

பலகை இப்போது ஓரளவு உருவாகிவிட்டது. நீளத் தண்டவாளத்துக்குக் 'கூட்ஸ் ஷெட்' என்று பெயர். சின்னது ஒன்றுக்கு 'மில்', இன்னொன்றுக்கு 'காலி'. பின்னால் அட்டையில் சஞ்சீவி மலையை வரைந்தாயிற்று. பேரனுக்கு ஆண்டாள் கோவில் கோபுரமும் வேண்டும். என் ரயில் 76இல் ஒரு பங்கு அளவு. 192 அடிக் கோபுரத்தை அந்த அளவில் கட்டினால் இரண்டரை அடி உயரம் வரும். என் பலகையின் அகலமே ஒரு அடி! அதனால் தூரத்தில் தெரிவது மாதிரி மலைக்குப் பக்கத்தில் விரல் உயரத்துக்கு வரைந்து சமாதானம் செய்திருக்கிறேன். இன்னொரு ஒப்புதலும் செய்துவிடுகிறேன். தண்டவாள இடைவெளி பதினாறரை மில்லிமீட்டர். 76ஆல் பெருக்கினால் 1254. மீட்டர் கேஜுக்கு அதிகம், இன்றைய 1676 மில்லிமீட்டர் அகலப் பாதைக்குக் குறைவு. கண்டுபிடிக்கிறவர்களுக்கு முழு மதிப்பெண். ஆனால் இந்தத் தண்டவாளம் மட்டும்தான் கிடைத்தது.

அப்பாவின் ஸ்டேஷன் படம் நோட்டிலேயே இருக்கிறது. எட்டடிச் சுவர் எனக்கு இனிமேல் கிடைக்கப் போவதில்லை, பரவாயில்லை. அந்தப் படத்தைக் கட்டியிருந்தால் லூப்பையும் கூட்ஸ் ஷெட்டையும் அப்படியே செய்து அழகு பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன். அப்பா நின்ற இடம் தெரிந்திருக்கும். அவர் செய்த வேலை இரண்டு பாயிண்டில்தான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுப்பாடம்: அதே ஐந்து தீப்பெட்டி, அதே தொடக்க நிலை. 'க'வில் 1, 2, 3. 'ங'வில் 4, 5. 'ச' காலி. 'க' கோட்டில், எஞ்சின் பக்கத்திலிருந்து, 4, 1, 5 என்று நிற்க வேண்டும். 2ம் 3ம் எங்கே வேண்டுமானாலும் நிற்கட்டும். வழி உண்டு, நான் போட்டுப் பார்த்துவிட்டேன். எத்தனை நகர்வு என்று எண்ணி எழுதுங்கள். வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு என்பது நினைவிருக்கட்டும்.

ராஜபாளையம் பக்கம் வருகிறவர்கள் வீட்டுக்கு வந்து ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போகலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வருகிறவர்கள் பால்கோவா வாங்கிக்கொண்டு வர வேண்டாம், டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பேரனுக்கு என்றால் சரி. எந்த நேரத்துக்கு வருகிறேன் என்று சொன்னாலும், தாமதமாகவே வாருங்கள். காரணம் கேட்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்